ஷிப்ட் வேலை, தூரத்துக் காதல், சின்னச் சின்ன சண்டை... வள்ளுவர் எழுதிய 250 காதல் குறள்கள் சொல்வது என்ன?

திருக்குறள் என்றதும் பஸ்ஸில் எழுதியிருக்கும் குறளும், மார்க்குக்காக மனப்பாடம் செய்த குறளும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால், மொத்தமுள்ள 1,330 குறள்களில் 250 குறள்கள் முழுக்க முழுக்க காதல் பற்றியவை. காமத்துப்பால் அல்லது இன்பத்துப்பால் எனப்படும் இந்தப் பகுதி, வேலைக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நிறைந்த ஓசூர் - கிருஷ்ணகிரி பக்கத்துக்கு ரொம்பவே பொருந்தும். எப்படி?

சானட்டும் குறளும்

ஐரோப்பாவில் காதலைப் பாட 'சானட்' என்ற 14 வரி வடிவம் உண்டு. 13-ம் நூற்றாண்டில் இத்தாலியின் சிசிலியில் பிறந்தது. ஷேக்ஸ்பியரின் 154 சானட்கள் 1609-ல் புத்தகமாக வந்தன. இளமை, முதுமை, காமம், பொய் என எல்லாமே அதில் வரும். கடைசி இரண்டு வரியில் முத்தாய்ப்பு வைப்பது அவர் பாணி.

வள்ளுவருக்கு மொத்தமே இரண்டு வரிதான். முதல் அடியில் நான்கு சீர், அடுத்ததில் மூன்று. ஒவ்வொரு குறளும் தனியாக நிற்கும். வரிசையாகப் படித்தால் ஒரு உறவின் கதையாக விரியும்.

காதலில் எத்தனை கட்டம்?

அதிகாரம் 109 முதல் 115 வரை களவு. முதல் பார்வை, கண்ணால் பேசுவது, ஊர் வாயில் விழுவது எல்லாம் இங்கே. ஊரார் பேச்சு எருவாகவும், அம்மாவின் திட்டு தண்ணீராகவும் மாறி காதலை வளர்க்கிறது என்கிறார் வள்ளுவர்.

116 முதல் 127 வரை பிரிவு. தூக்கமின்மை, கனவு, மாலை நேரத்து ஏக்கம்.

128 முதல் 133 வரை மீண்டும் சேர்வதும், செல்லச் சண்டையும்.

பிரிவுக்கு மட்டும் 12 அதிகாரமா?

ஆமாம், 25-ல் கிட்டத்தட்ட பாதி. காதலன் வேலையாகக் கிளம்பிப் போகிறான். 'சீக்கிரம் வந்துடுவேன்' என்கிறான். 'அதை, அப்போது உயிரோடு இருப்பவர்களிடம் சொல்' என்கிறாள் அவள். 127-வது அதிகாரத்தில், அவன் போன நாட்களைக் குறித்த கோடுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணியே விரல் தேய்கிறது.

பெங்களூருவிலிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் இருக்கும் ஓசூரில் டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் ஆலைகள். போச்சம்பள்ளியில் ஓலா ஸ்கூட்டர் ஆலை. நைட் ஷிப்ட் முடிந்து ஒருவர் படுக்கும்போது, ஊரில் இருப்பவர் வேலைக்குக் கிளம்புவார். கோடு போட்ட சுவருக்குப் பதில் இப்போது 'லாஸ்ட் சீன்'. இன்னொரு மாற்றமும் உண்டு. குறளில் காத்திருந்து புலம்புவது பெரும்பாலும் பெண். இன்று வேலைக்காக வந்து ஹாஸ்டலில் தங்குபவர்களில் பெண்களும் ஏராளம். ஊரில் காத்திருப்பது ஆணாகவும் இருக்கலாம்.

குடி, சூது பற்றி?

அவை பொருட்பாலில் 93, 94-வது அதிகாரங்கள். போதையில் இருப்பவனுக்குப் புத்தி சொல்வது, தண்ணீருக்குள் மூழ்கியவனை விளக்கு பிடித்துத் தேடுவது மாதிரி. சூதில் கிடைக்கும் வெற்றி, மீன் விழுங்கிய தூண்டில். ஆன்லைன் ரம்மியில் முதலில் ஜெயித்துப் பிறகு சம்பளத்தையே விட்டவர்களுக்கு இது புரியும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட்டில்தான் நிறைவேற்றியது.

இந்த மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர் ராஜாஜி. குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அவர், 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமராக மதுவிலக்கைத் தொடங்கியது அன்றைய சேலம் மாவட்டத்தில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன.

சுவாரஸ்யம் என்னவென்றால், கள்ளைக் கண்டித்த அதே வள்ளுவர் காதலை விளக்கவும் கள்ளையே எடுக்கிறார். கள் குடித்தால்தான் மயக்கம். காதலுக்குப் பார்த்தாலே போதும், நினைத்தாலே போதும் என்கிறார்.

சந்தேகம் வந்தால்?

132-வது அதிகாரத்தில் அவன் தும்முகிறான். அவள் வாழ்த்துகிறாள். அடுத்த நொடியே, 'யார் நினைத்ததால் தும்மினாய்?' என்று அழுகிறாள். சிரிப்பு வரும் காட்சிதான். ஆனால், ஊடல் என்பது உப்பு மாதிரி என்று முந்தைய அதிகாரத்திலேயே எச்சரித்துவிடுகிறார். அளவாக இருந்தால் ருசி. கொஞ்சம் கூடினாலும் வாயில் வைக்க முடியாது. தினமும் போனை வாங்கிச் செக் பண்ணும் உறவில் உப்பு எப்போதோ கூடிவிட்டது.

பள்ளியில் ஏன் படிக்கவில்லை?

6 முதல் 12-ம் வகுப்பு வரை திருக்குறளைப் பாடமாக்கச் சொன்ன 2016-ம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு, அறத்துப்பால், பொருட்பால் இரண்டைத்தான் குறிப்பிட்டது. பள்ளி வயதுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால், காதலும் பிரிவும் சந்தேகமும் நிஜமாக வரும் 20-களில், அதைப் பேசும் பகுதியை யாரும் நம் கையில் கொடுப்பதில்லை. நாமேதான் எடுக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்கலாம்? 110 (குறிப்பறிதல்), 127 (அவர்வயின் விதும்பல்), 131 (புலவி). ஒவ்வொன்றிலும் 10 குறள்தான். எளிய உரையோடு படித்தால், கம்பெனி பஸ் கேட்டுக்குள் நுழைவதற்குள் ஒரு அதிகாரம் முடிந்துவிடும்.