லென்ஸ் போட்ட கண்ணுக்குத் தண்ணீர் ஆகாது

கண்ணில் தூசி விழுந்தால் தண்ணீர் அடித்துக் கழுவு என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். லண்டனில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கும் நாங்கள் அதையே சொல்கிறோம். ஆனால் கொன்டாக்ட் லென்ஸ் போட்ட கண்ணுக்கு இந்தப் பாடம் பொருந்தாது. முதலில் லென்ஸைக் கழற்ற வேண்டும்.

குழாய்த் தண்ணீர், நீச்சல் குளம், கடல், கிணறு என்று எல்லா இடத்திலும் அகாந்தமீபா என்ற ஓரணு உயிரி இருக்கலாம். லென்ஸுக்கு அடியில் மாட்டிக்கொண்டால்தான் வில்லங்கம். சிறு கீறல் கிடைத்தாலே கருவிழிக்குள் இறங்கிவிடும். மருந்து பட்டால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். குளோரினையும் அந்தக் கூடு தாங்கும். அதனால்தான் வைத்தியம் மாதக்கணக்கில் இழுபடுகிறது. தொடக்கத்தில் இரவும் பகலும் மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட வேண்டும். சிலருக்குக் கருவிழி மாற்றும் சத்திரசிகிச்சை வரை போகும். சிலருக்குப் பார்வையே போய்விடும்.

அரிய நோய்தான். தென்கிழக்கு இங்கிலாந்தில் லென்ஸ் அணியும் ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு 2 அல்லது 3 பேருக்கு வருவதாக மூர்ஃபீல்ட்ஸ் கண் வைத்தியசாலையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018இல் சொன்னார்கள். 2011 முதல் நோயாளர் தொகை கூடியதையும் கண்டார்கள். 2022இல் வந்த ஆய்வின்படி, ஒருநாள் போட்டு எறியும் லென்ஸைவிட, திரும்பத் திரும்பப் போடும் லென்ஸில் ஆபத்து ஏறக்குறைய 4 மடங்கு.

அரங்கேற்றத்துக்கும் கல்யாணத்துக்கும் கண்ணாடி எடுப்பாக இல்லை என்று பிள்ளைக்கு லென்ஸ் வாங்கிக் கொடுக்கிறோம். அதே லென்ஸோடு பிள்ளை ஷவரில் நிற்கிறது, விடுமுறைக்கு ஊருக்குப் போனால் கீரிமலைக் கேணியில் குதிக்கிறது. நாங்கள் கரையில் நின்று படம் எடுக்கிறோம். லென்ஸ் வாங்கும்போது பெற்றோரும் பக்கத்தில் இருந்து விதிகளைக் கேட்க வேண்டும் என்பேன்.

விதிகள் கொஞ்சம்தான். குளிக்க, நீந்த முன்னர் கழற்றுங்கள். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே லென்ஸைத் தொடுங்கள். லென்ஸையோ பெட்டியையோ தண்ணீரில் அலசாதீர்கள். பழைய திரவத்தின் மேல் புதியதை ஊற்றாதீர்கள். போட்டபடி தூங்காதீர்கள்.

கண் சிவந்து, வெளிச்சம் கூசி, நோவெடுத்தால் தாய்ப்பால், பன்னீர் என்று வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம். மிச்சம் கிடக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் வேண்டாம். லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் வைத்தியரிடம் போங்கள். லென்ஸ் போடுவதை நீங்களாகவே சொல்லுங்கள். தொடக்கத்தில் இது ஹெர்பிஸ் வைரஸ் தொற்றுப் போலவே தெரியும். நீங்கள் சொல்லும் அந்த ஒரு வார்த்தை பார்வையைக் காப்பாற்றலாம்.