கணனி வாங்குமுன் ஒரு பேராசிரியரைக் கேளுங்கள்

கடைக்குக் கணனி போட்ட பின்னும் கடன் கொப்பியை விடாத முதலாளிமார் பலரை நான் அறிவேன். இலட்சக்கணக்கில் செலவழித்தும் ஏன் இந்த நிலை? விடையை நான் கண்டது இங்கிலாந்தின் மன்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் ஹீக்ஸின் எழுத்தில்.

இந்திய மென்பொருள் தொழிற்றுறையைப் பற்றி 1996இல் நூல் வெளியிட்டவர் இவர். பின்னர் வளர்முக நாடுகளின் இலத்திரனியல் அரசாங்கத் திட்டங்களை ஆராய்ந்தார். 2003இல் அவர் தந்த மதிப்பீட்டின்படி, நூற்றுக்கு 35 திட்டங்கள் முழுத் தோல்வி; 50 அரைகுறைத் தோல்வி; 15 மட்டுமே வெற்றி. (இது மதிப்பீடுதான், துல்லியமான கணக்கெடுப்பல்ல.)

குற்றம் இயந்திரத்தில் அல்ல என்கிறார் அவர். திட்டம் வரைந்தவர் மனதில் ஒரு அலுவலகம், உண்மையில் இருப்பது வேறொன்று. அந்த இடைவெளியை ஏழு கோணங்களில் அளக்கச் சொன்னார்: தகவல், தொழில்நுட்பம், வேலைமுறை, நோக்கமும் மனப்பாங்கும், ஆட்களின் திறமை, நிர்வாக அமைப்பு, காலமும் பணமும்.

அரசாங்கங்களுக்குச் சொன்னதுதான். ஆனால் நமது கடைகளுக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சாமானும் வெளியேறாது என மென்பொருள் விற்பவர் எண்ணுகிறார். நம்மிடமோ பழகிய வாடிக்கையாளர், "பிறகு எழுதுங்க நானா" என்று இரண்டு மூடை சீனியைத் தூக்கிச் செல்கிறார். அன்று மாலையே கணனி காட்டும் இருப்பு வேறு, களஞ்சியத்தில் இருப்பது வேறு.

ஹீக்ஸ் காட்டும் வழி இரண்டு. திட்டத்தை யதார்த்தத்துக்கு இறக்குங்கள். அல்லது யதார்த்தத்தைத் திட்டத்தின் பக்கம் நகர்த்துங்கள். கடன் கொடுப்பதை நிறுத்த நம்மால் ஆகாது. எனவே கடனை உடனே பதியும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முற்பணம் கொடுக்காதீர்கள்.