பணி முடிந்தது, வீடு கிடைக்குமா?

புது தில்லி: 2024 மே மாதத்தில் மீரட் நோக்கிச் சென்ற ரயில் ஒன்றின் குளிர்சாதன முதல் வகுப்புப் பெட்டியில் பயணம் செய்த ஒருவரின் புகைப்படம் நாடெங்கும் பேசப்பட்டது. அந்தப் பயணியின் பெயர் மேரு, வயது 9. ராணுவத்தின் 22-ஆவது நாய்ப் பிரிவில் தடம் அறியும் பணியில் இருந்து ஓய்வு பெற்று, மீரட்டில் உள்ள ஓய்வு இல்லத்துக்குச் சென்றுகொண்டிருந்த மோப்ப நாய் அது. ஓய்வு பெறும் நாயுடன் அதனைக் கையாளும் வீரரும் முதல் வகுப்பில் செல்லலாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் அனுமதி அளித்திருந்தது.

படத்தைக் கண்டு மகிழ்ந்தவர்களில் பலருக்கு, பத்து ஆண்டுகளுக்கு முன்பு இத்தகைய நாய்க்கு நேர்ந்திருக்கக்கூடிய கதி தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பணிக்குத் தகுதியற்றதாகிவிட்ட விலங்கைக் கணக்கிலிருந்து நீக்குவதற்கு ராணுவ வழக்கில் "காஸ்டிங்" என்று பெயர். அவ்வாறு நீக்கப்பட்ட நாய்கள் வலியின்றிக் கொல்லப்படுகின்றன என்பது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கப்பட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலின் மூலம் 2015-ல் வெளிச்சத்துக்கு வந்தது. இதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டு வந்தன. ராணுவ முகாம்களின் இருப்பிடத்தை அறிந்த நாய் வேண்டாதவர் கையில் சிக்கக்கூடும் என்பது ஒன்று. ராணுவத்தில் கிடைத்த பராமரிப்பை வெளியில் எவராலும் தர இயலாது என்பது மற்றொன்று. முதல் காரணத்தை ஏற்பதாயின், ஓய்வு பெறும் ஒவ்வொரு சிப்பாயையும் சந்தேகிக்க வேண்டியிருக்கும். இரண்டாவது காரணத்தில் உண்மை உண்டு; ஆனால் அதற்குத் தீர்வு மரணம் அல்ல.

விவகாரம் அதே ஆண்டில் தில்லி உயர் நீதிமன்றத்தை எட்டியது. ஓய்வு பெறும் ராணுவ விலங்குகளின் மறுவாழ்வுக்கு உரிய கொள்கை வகுக்கப்படும் என்று மத்திய அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது. தீராத நோயால் வேதனைப்படும் விலங்குகளைத் தவிர மற்றவற்றைக் கொல்வதில்லை என்பதே அதன் பிறகு அரசின் நிலைப்பாடாக இருந்து வருகிறது. நாய்ப் பயிற்சிப் பள்ளி 1960 முதல் இயங்கி வரும் மீரட்டே, இன்று அவற்றின் முதுமைக்கும் புகலிடமாக உள்ளது. அங்கிருந்து நாய்களைத் தத்தெடுக்க விரும்புவோர் விண்ணப்பிக்கலாம். இறுதி மூச்சு வரை பராமரிப்பதாக அவர்கள் உறுதிமொழி அளிக்க வேண்டும்.

மும்பையின் முன்மாதிரி

அரசுக் கொள்கைக்குக் காத்திராமல் நடந்த தத்தெடுப்பும் உண்டு. 2008 நவம்பர் 26 தாக்குதலின்போது மும்பை காவல் துறையின் வெடிகுண்டுத் தடுப்புப் பிரிவில் பணியாற்றிய மாக்ஸ், சுல்தான், டைகர், சீசர் ஆகிய நான்கு நாய்களும் ஓய்வுக்குப் பின் விராரில் உள்ள தனியார் பண்ணை ஒன்றில் ஒன்றாக வாழ்ந்தன. நான்கும் 2016-ஆம் ஆண்டிலேயே அடுத்தடுத்து இறந்தன. டைகர் மறைந்த பிறகு மிகவும் சோர்ந்துபோன சீசர், அக்டோபர் மாதத்தில் கடைசியாக உயிர் நீத்தது. சாகும்வரை நான்கும் பிரிக்கப்படாமல் இருந்தன என்பதே அந்தப் பண்ணை செய்த பெரிய உதவி.

தலைநகரில் இந்த மாற்றம் 2019 நவம்பரில் கண்ணுக்குத் தெரிந்தது. தில்லி மெட்ரோ ரயில் பாதுகாப்பில் இருந்த 7 நாய்களுக்கு மத்திய தொழில் பாதுகாப்புப் படை பதக்கமும் சான்றிதழும் வழங்கி விழா எடுத்து விடை கொடுத்தது. பின்னர் அவை தன்னார்வ அமைப்பு ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டன. அதே ஆண்டு கேரள காவல் துறை, திருச்சூரில் உள்ள தனது பயிற்சிக் கழக வளாகத்தில் ஓய்வு பெற்ற நாய்களுக்கென இல்லம் ஒன்றைத் திறந்தது.

பாசம் மட்டும் போதாது

மோப்ப நாயை வீட்டுக்கு அழைத்து வருவது, குட்டி ஒன்றை வாங்கி வளர்ப்பதைப் போன்றதன்று. எட்டு, ஒன்பது வயதில் அது முதுமையின் வாசலில் நிற்கிறது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம். மாடிப்படி ஏறுவதே வேதனையாகிவிடும். வாழ்நாள் முழுவதும் கொட்டடியில், ஒரே வீரரின் குரலுக்குக் கட்டுப்பட்டு, நேரம் தவறாத உணவுடனும் பயிற்சியுடனும் வாழ்ந்த விலங்கு அது. மிக்சி ஓசையும் தொலைக்காட்சி இரைச்சலும் குழந்தைகளின் ஓட்டமும் அதற்குப் புதியவை. வெடிபொருளின் வாடை கண்டால் குரைக்காமல் அந்த இடத்தில் அமைதியாக அமர்ந்துவிடும்படி அது பழக்கப்பட்டிருக்கும். தீபாவளிக்கு வாங்கி வைத்த பட்டாசுப் பெட்டியின் முன்னால் அது போய் அமர்ந்துவிட்டால் வீட்டார் வியப்படையக் கூடாது!

இதே அனுபவம் மேலை நாடுகளில் பந்தய நாய்களான கிரேஹவுண்டுகளைத் தத்தெடுத்தவர்களுக்கும் உண்டு. படிக்கட்டும் கண்ணாடிக் கதவும் என்னவென்றே அறியாமல் வீட்டுக்குள் நுழையும் அந்த நாய்கள், ஓட்டத்துக்குப் பெயர் பெற்றவையாயினும் பகலின் பெரும்பகுதியை உறங்கியே கழிப்பவை. ஓட முடியாத நாய்கள் கொல்லப்படுவதற்கு எதிராகப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எழுந்த கண்டனமே அங்கு தத்தெடுப்பை ஓர் இயக்கமாக்கியது. பின்னர் பந்தயத்தையே அசைத்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநில வாக்காளர்கள் 2018-ல் வாக்களித்து, 2020 இறுதியுடன் அங்கு பந்தயத்துக்கு முடிவு கட்டினர். பந்தயத்தை நிறுத்தும் முடிவை நியூசிலாந்து அரசு 2024 டிசம்பரில் அறிவித்தது.

இந்தியாவிலும், பஞ்சாப் கிராம விளையாட்டுகளில் கிரேஹவுண்டு ஓட்டத்துக்குப் பெருங்கூட்டம் திரள்கிறது. ராணுவ நாய்க்காவது ஒரு பதிவேடு உண்டு. கேள்வி கேட்க ஒரு நாடாளுமன்றம் உண்டு. வயல்வெளியில் ஓடிய நாயின் முதுமையோ, அதன் உரிமையாளரின் மனதை மட்டுமே பொறுத்தது.

உள்நாட்டு இனங்களின் வருகை

இனி வரும் ஆண்டுகளில் இந்தக் கேள்வி தமிழகத்துக்கும் நெருக்கமானதாகலாம். கர்நாடகத்தின் முதோல் நாய்கள் 2016 முதல் மீரட்டில் பயிற்சி பெறத் தொடங்கின. ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்றும் 2020-ல் தேசிய அளவில் தனி இனங்களாகப் பதிவு பெற்றன. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று வானொலி உரையில் பிரதமர் மோடி, இந்திய இன நாய்களை வளர்க்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். கிரேஹவுண்டைப் போலவே பார்வையால் இரையைத் துரத்தும் இந்த ஒல்லியான வேட்டை நாய்கள் சீருடைப் படைகளில் சேரும்போது, அவற்றுக்கும் ஒரு நாள் ஓய்வு வரும்.

மத்திய உள்துறை அமைச்சகம் 2019-ல் காவல் நாய்களுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை அமைத்தது. ஆயினும் காவல் துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால், ஓய்வு பெற்ற நாயின் எதிர்காலம் இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. ஓரிடத்தில் இல்லம் இருக்கிறது. மற்றோரிடத்தில் விழாவும் மாலையும் மட்டுமே.

சில வேளைகளில் நாயுடன் பல ஆண்டுகள் பணியாற்றிய வீரரே அதனைத் தன் ஊருக்கு அழைத்துச் செல்ல விரும்புவார். ஆனால் அவரது பணிக்காலம் முடிந்திருக்காது. அடுத்த இடமாற்ற உத்தரவு எந்த எல்லைக்கு என்பதும் தெரியாது. ஆகவே பெரும்பாலும் கயிற்றை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் தமது பிரிவுக்குத் திரும்புகிறார். அங்கு அவருக்காகப் பயிற்சி முடித்த இளம் நாய் ஒன்று காத்திருக்கும்.