மண்வெட்டும் யந்திரத்தின் பல்லும் அதன் பின்னும்

மர ஏரில் மண்ணை அறுப்பது கொழு. மரம் அதனைத் தாங்கி நிற்பதே. கொழு தேய்ந்தால் வேறு கொழு இடுவதும், அதனைப் பற்றியுள்ள ஆணி ஆட்டங்கண்டால் உழவை நிறுத்தி இறுக்குவதும் உழவர் நெடுங்காலமாய் அறிந்த வழக்கம். ஏரியில் தூர் வாரவும் வாய்க்கால் வெட்டவும் இந்நாளில் வரும் பெரிய யந்திரத்திலும் ஏற்பாடு இதுவேயாகும். கிராமங்களில் இதற்கு வழங்கும் 'பொக்லைன்' என்னும் பெயர் பிரான்ஸ் தேசத்துக் கம்பெனி ஒன்றினுடையது. யந்திரம் எவர் செய்ததாயினும் ஜனங்கள் அப்பெயராலேயே அழைக்கின்றனர்.

யந்திரத்தின் பக்கெட் முனையில் வரிசையாய் நிற்கும் பற்கள் பக்கெட்டோடு ஒன்றாய் வார்க்கப்பட்டவை அல்ல. பக்கெட்டின் உதட்டில் அடாப்டர் என்னும் இரும்புக் கட்டை வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். அதன் மூக்கின்மேல் பல் உறைபோல் செருகப்படும். இரண்டையும் ஊடுருவி ஒரு பின் செல்லும். அப்பின் நழுவாதபடி ஒரு சிறு லாக், ரப்பர் சேர்ந்ததாகவோ வில்வளையமாகவோ, அதனைப் பற்றி நிற்கும். பல் தேய்வதற்கென்றே அமைந்தது. அடாப்டர் தேயலாகாது. இவ்விரண்டிற்கும் நடுவே காவலாய் நிற்பது விரல் பருமனுள்ள அந்தப் பின்னே.

இதனை யந்திரக்காரர் கவலை என்று நிலச்சுவான்தார் விட்டுவிடுதல் சரியன்று. வாடகை மணிக்கணக்கில் கொடுக்கப்படுகிறது. பல் மழுங்கிய பக்கெட் மண்ணை அறுக்காமல் அழுத்தித் தள்ளும். எண்ணெய்ச் செலவு ஏறும், வேலை குறையும், மணி மட்டும் ஓடும். பல் ஒன்று விழுந்துபோயின் அடாப்டரின் மூக்கே கல்லில் உராய்ந்து உருக்குலையும். அதனை அறுத்தெடுத்து வேறு வைத்து வெல்டிங் செய்து முடிக்கும் வரையில் யந்திரம் சும்மா நிற்கும். மழைக்கு முன் முடிய வேண்டிய மராமத்தில் அவ்வாறு கழியும் நாள் பெரிய நஷ்டமாகும்.

இன்னும் ஒரு கேடு உண்டு. தமிழ்நாட்டில் 2017-ஆம் வருஷம் குடிமராமத்து வேலைகள் மீண்டும் தொடங்கப்பட்டபோது, ஏரி வண்டலை விவசாயிகள் தம் நிலங்களுக்கு ஏற்றிச் சென்றனர். கழன்ற பல் அத்தகைய வண்டலோடு வயலுக்குச் சென்றுவிடின், பின்னர் ரோட்டவேட்டரின் கத்தியில் சிக்கி அதனை முறிக்கும். கிலோக்கணக்கில் எடையுள்ள எஃகுத் துண்டு அது, மண்ணில் மக்குவதன்று.

எல்லா மண்ணும் பல்லை ஒரேவிதமாய்த் தின்பதில்லை. ஏரிக்கு நீர் வரும் வாயிலில் பருமணலும் சரளையும் தங்கும். கரையோரத்தில் நுண்ணிய வண்டல் படியும். ஆகையால் வரத்துவாயில் வெட்டும் நாட்களில் பற்களை அடிக்கடி பார்க்க வேண்டும். சுக்கான் கல் கலந்த மண்ணிலும் அப்படியே. ஓரப் பற்கள் நடுப்பற்களினும் முந்தித் தேயுமாயின் அவற்றை இடம் மாற்றிப் போடலாம். மேலும் கீழும் ஒரே வடிவமான பல்லாயின் திருப்பிப் போட்டு இன்னும் சிலகாலம் உழைக்கச் செய்யலாம். பல்லில் துளை விழுந்து மூக்கு தெரியும் வரை காத்திருப்பது சிக்கனம் ஆகாது.

பல்லை மாற்றும்போது பக்கெட்டைத் தரையில் ஊன்றி, பல் நுனி சற்று உயரும்படி கட்டை கொடுத்து, என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். பழைய பின்னை எந்தப் பக்கத்திலிருந்து அடிப்பது என்பது பல்லின் வகைக்கு ஏற்ப மாறும். யந்திரத்தோடு வரும் புத்தகத்தில் அது காணும். அடியின்போது கடின எஃகிலிருந்து சில்லு பெயர்ந்து துப்பாக்கிக் குண்டு போலப் பாயக்கூடும். அடிப்பவர் கண்ணாடி அணிய வேண்டும். வேடிக்கை பார்க்க நிற்கும் சிறுவரைத் தொலைவில் நிறுத்துவது கிராம உத்தியோகஸ்தர் கடமை.

மூக்கில் ஒட்டிய மண்ணை முழுதும் சுரண்டி எடுத்தல் முக்கியம். சிறிது களிமண் நின்றாலும் பல் கடைசிவரை இறங்காது, துளைகள் நேர்படா, அப்போது பின்னை வலிந்து அடித்தால் லாக் சிதையும். புதுப்பல்லைச் செருகிக் கையால் அசைக்கையில் மிகுதியாய் ஆடுமாயின் தேய்ந்தது மூக்கு என்று அறிக. அந்நிலையில் எத்தனை புதிய பின் இட்டாலும் நில்லாது. புதுப்பல்லுக்குப் புது லாக்கே இட வேண்டும். பழைய ரப்பர் சேற்றிலும் வெயிலிலும் இறுகித் தன் பிடியை இழந்திருக்கும்.

பின் கிடைக்கவில்லை என்று கட்டிடக் கம்பியை நறுக்கிச் செருகுவது எங்கும் காணும் வழக்கம். அது மெதுவான இரும்பு. வளைந்து தேய்ந்து சில நாளில் விழும். பல்லையே அடாப்டரோடு வெல்டிங் செய்துவிடுவது அதனினும் தீது. பல்லின் கடினம் பதமிட்டுப் பெற்றது. சூட்டினால் அப்பதம் கெடும். இங்கிலாந்தில் ஹாட்ஃபீல்டு என்பார் 1882-இல் கண்ட மாங்கனீஸ் எஃகினாற் செய்த பல்லாயின், அது சூட்டில் நொறுங்குந் தன்மை அடையும். அவ்வெஃகைக் காந்தம் இழுப்பதில்லையாதலால், வண்டலில் விழுந்தால் காந்தம் கொண்டு தேடவும் இயலாது.

வேலைக்கு யந்திரம் வந்தவுடன், மணி கணக்கிடத் தொடங்குமுன், பற்களை எண்ணி ஒவ்வொரு பின்னின் முனையையும் பார்க்க. முனை பல்லின் பக்கத்தோடு சமமாகவோ சற்று உள்ளடங்கியோ இருத்தல் வேண்டும்; வெளியே நீண்டிருப்பது நழுவத் தொடங்கியதன் அடையாளம். ஓட்டுநரிடம் மாற்றுப் பின்னும் லாக்கும் இரண்டு ஜோடியேனும் உண்டா எனக் கேட்க. மத்தியான உணவுக்கு நிறுத்தும்போதும் மாலையிலும் மறுபடி எண்ணுக. குறைந்திருப்பின், முன் எண்ணியதற்குப் பின் சென்ற வண்டிகள் எந்த வயலில் கொட்டின என்று குறித்துக்கொண்டு, அக்குவியல்களை நிரவுமுன் கிளறிப் பார்த்தல் வேண்டும்.