ஆள் உண்டு, முகம் வேண்டாம்



முன்னாளில் பெரிய அலுவலகங்களில் காவலர் ஒருவர் அறைதோறும் எட்டிப் பார்த்து, ஆளில்லாவிடில் விளக்கை அணைத்துச் செல்வார். இன்று பல மாடிக் கட்டடங்களில் அவ்வேலையைக் கருவிகளே செய்கின்றன. காமிரா ஒன்றை மாட்டினால் போதாதா என்பீர்கள். காமிராவோ கேளாததையும் சொல்லிவிடும்: வந்தவர் யார், எவருடன் பேசினார், எப்போது கண்ணயர்ந்தார்! ஒரு விளக்கை அணைக்க இவ்வளவும் எதற்கு?

முகத்தைக் காணாமலே ஆளை அறிய வழிகள் உண்டு. மனித உடல் எப்போதும் அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டிருக்கிறது. அவற்றை உணரும் இரு சிறு துண்டுகள் கூரையிலுள்ள கருவியினுள் இருக்கின்றன. சுவரின் வெப்பம் இரண்டிலும் சமமாக விழுவதால் கருவி வாளாவிருக்கும். ஆள் நடந்தால் ஒன்றில் முன்னும் மற்றதில் பின்னுமாக வெப்பம் மாறும், விளக்கு எரியும். ஆனால் அசையாது அமர்ந்து படிப்பவரை அது அறியாது. இருண்டுபோன அறையில் படித்த பெருமக்கள் கைகளை வீசிக்கொண்டிருப்பது நகைப்புக்குரிய காட்சியே.

மூச்சைக் கொண்டும் அறியலாம். வெளிக்காற்றில் பத்து இலட்சம் பங்குக்குச் சுமார் 420 பங்கு கரியமில வாயு உண்டு. கதவடைத்த அறையில் பலர் கூடினால் அது 1000-ஐ எளிதில் தாண்டும். ஆயினும் அது மெல்ல ஏறி மெல்ல இறங்குவது. 64 புள்ளிகளில் மட்டும் வெப்பத்தைப் பதியும் கருவி இதனினும் விரைவானது. தலைகளை எண்ணலாம், முகம் தெரியாது.

முகம் தெரியாவிடில் கவலை தீர்ந்ததா? 2016 ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, இலண்டன் ‘டெய்லி டெலிகிராஃப்’ நாளிதழின் செய்தியாளர்கள் தத்தம் மேசையடியில் ஒரு சிறு பெட்டியைக் கண்டனர். ‘ஆக்யுப்-ஐ’ என்று அதன்மேல் எழுதியிருந்தது; பெயரிலேயே ஆங்கிலக் கண் ஒன்று ஒளிந்திருக்கிறது. முன்னறிவிப்பு ஏதுமில்லை. அப்பெயரை இணையத்தில் தேடியே அதன் தொழிலை அறிந்தனர். உடல் வெப்பத்தையும் அசைவையும் கொண்டு, இருக்கையில் ஆள் உண்டா என்று பதிவதே அது. மின்சாரச் சிக்கனத்துக்காகவே என்றது நிர்வாகம். பெட்டிக்குள் பெயரும் இல்லை, படமும் இல்லை. ஆனால் எந்த மேசை யாருடையது என்பதை அலுவலகம் முழுதும் அறியுமே! அதே கருவியைக் கூரையில் மாட்டி, தளத்துக்கு ஒரு கணக்காக எடுத்திருந்தால் சிக்கனத்துக்கு அதுவே போதியிருக்கும் என்பது என் கருத்து. செய்தியாளர் சங்கம் கண்டனம் தெரிவித்தது. அன்றைய பொழுது முடிவதற்குள் பெட்டிகள் யாவும் அகற்றப்படுமென நிர்வாகம் அறிவித்தது.