ஆற்காட்டு நவாப் பட்ட கடன்

சென்னை நகரில் வாலாஜா சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. திருவல்லிக்கேணியில் வாலாஜா பள்ளிவாசல் இருக்கிறது. ஆற்காட்டுக்கு அருகே வாலாஜாப்பேட்டை என்று ஓர் ஊரே இருக்கிறது. இந்தப் பெயர்களை நாம் நாள்தோறும் சொல்லுகிறோம். ஆயினும், "யார் இந்த வாலாஜா?" என்று வீட்டுக் குழந்தை கேட்டுவிட்டால், நம்மில் பலர் சற்றுத் தயங்கத்தான் செய்வோம். நெல்லூர் முதல் திருநெல்வேலி வரையில் நாற்பத்தாறு வருஷ காலம் நவாப் என்று பெயர் வகித்த முகம்மது அலி கானுக்கு டில்லி பாதுஷா அளித்த பட்டமே அது.

இந்த நவாபின் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் யுத்தங்களைத்தான் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்கள். கோட்டைகள், முற்றுகைகள், பீரங்கிகள் இவற்றுக்குக் குறைவில்லை. ஆனால் இந்த வமிசத்தை வீழ்த்தியது பீரங்கியன்று, கணக்குப் புத்தகம். கடன் கொடுத்தவன் கடைசியில் வாரிசாக வந்து உட்கார்ந்த கதை இது. கடனென்றால் என்ன என்று அறியாத குடும்பம் நம் நாட்டில் ஏது? ஆகையால் இந்தக் கதையை விளங்கிக்கொள்ளச் சரித்திரப் புலமை வேண்டியதில்லை.

டில்லியின் நிழல்

செஞ்சிக் கோட்டையை எட்டு வருஷம் முற்றுகையிட்டு, 1698-ல் ஔரங்கசீப்பின் படைகள் பிடித்தன. அந்த முற்றுகையை நடத்திய ஜுல்பிகார் கானிடமே கர்நாடகத்தின் அதிகாரம் ஒப்புவிக்கப்பட்டது. பிற்பாடு ஆற்காடு தலைநகராயிற்று. 1710 முதல் 1732 வரையில் சாதத்துல்லா கான் நவாபாக இருந்தார். பெயரளவில் இவர்கள் ஹைதராபாத் நிஜாமுக்குக் கீழ்ப்பட்டவர்கள்; நிஜாம் டில்லிக்குக் கீழ்ப்பட்டவர். டில்லியோ நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்தது. நிழல் தரும் மரமே சாயும்போது அதன் கீழ் இருப்பவர்கள் வேறு நிழல் தேடுவது இயற்கைதானே?

1740-ல் மகாராஷ்டிரப் படை தாமல்செருவு கணவாயில் நவாப் தோஸ்து அலியைக் கொன்றது. அவருடைய மகன் சப்தர் அலி 1742-ல் வேலூரில் உறவினரின் சதியால் கொலையுண்டார். மறு வருஷம் நிஜாமே பெரும்படையுடன் தெற்கே வந்து, அயோத்திச் சீமையில் கோபாமௌ என்னும் ஊரைச் சேர்ந்த அன்வருத்தீன் கானை இந்நாட்டுக்கு அதிகாரியாக நியமித்தார். அவருடைய புதல்வரே நாம் சொல்ல வந்த முகம்மது அலி.

1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னைப் பட்டணத்தைப் பிடித்தார்கள். அதை நவாபிடம் ஒப்படைப்பதாக வாக்களித்திருந்த டூப்ளே, பிடித்த பிறகு அந்த வாக்கை மறந்துவிட்டார். நவாபின் படை கிளம்பிற்று. அடையாற்றங்கரையில், பயிற்சி பெற்ற சில நூறு வீரர்கள் ஆயிரக்கணக்கான குதிரைப் படையைச் சிதற அடித்தார்கள். அன்று ஐரோப்பியர் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். நம் மன்னர்களும் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். ஆனால் தவறான பாடம். அந்த மாதிரிப் படையைத் தாமே பழக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணவில்லை. அதை வாடகைக்கு அமர்த்திக்கொள்ளலாம் என்று எண்ணினார்கள்.

இரவல் வாள்

1749-ல் ஆம்பூரில் நடந்த யுத்தத்தில் அன்வருத்தீன் மாண்டார். பழைய நவாப் தோஸ்து அலியின் மருமகனான சந்தா சாகிப், பிரெஞ்சுக்காரர் துணையுடன் நாட்டைக் கைப்பற்றினார். முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடி அந்தக் கோட்டைக்குள் ஒடுங்கினார். சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் என்றால், இவருக்கு ஆங்கிலேயர். 1751-ல் ராபர்ட் கிளைவ் 200 ஐரோப்பியரையும் 300 சிப்பாய்களையும் கொண்டு ஆற்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். மைசூர், தஞ்சாவூர், மகாராஷ்டிரப் படைகளும் முகம்மது அலிக்கு உதவின. மைசூர் உதவிக்கு விலையாகத் திருச்சிராப்பள்ளியையே கொடுப்பதாக அவர் சொல்லியிருந்தார். ஜயம் கிட்டியதும் கொடுக்கவில்லை. 1752-ல் சந்தா சாகிப் சரணடைந்தார். அவருடைய தலை வெட்டப்பட்டது.

1763-ல் பாரிஸ் நகரில் ஐரோப்பிய ராஜாங்கங்கள் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையில், முகம்மது அலியே கர்நாடகத்தின் நியாயமான நவாப் என்று ஒரு ஷரத்து எழுதப்பட்டது. பாலாற்றங்கரையில் ஆளவேண்டியவர் யார் என்பதை எங்கோ ஸீன் நதிக்கரையில் தீர்மானித்தார்கள்! 1765-ல் டில்லி பாதுஷாவும் அவரை நிஜாமின் பிடியிலிருந்து விடுவித்து சாசனம் அளித்தார். வெளிப்பார்வைக்கு வமிசம் உச்சியை அடைந்துவிட்டது. நவாப் ஆற்காட்டை விட்டுச் சென்னைக்கே குடிவந்து, 1768-ல் சேப்பாக்கத்தில் கடலை நோக்கிய அரண்மனையைக் கட்டிக்கொண்டார். லக்னௌவைச் சேர்ந்த பேரறிஞர் அப்துல் அலி பஹ்ருல் உலூமை வரவழைத்து ஆதரித்தார். ஜார்ஜ் வில்லிஸன் போன்ற ஆங்கிலச் சித்திரக்காரர்களைக் கொண்டு தம் உருவத்தை முழு அளவில் எழுதுவித்தார். அந்தப் படங்களில் முத்தும் ரத்தினமும் ஜொலிக்கின்றன. அவற்றுக்கு விலை கொடுத்த பணம் யாருடையது என்பது படத்தில் தெரியாது.

இரவல் பொன்

வாள் இனாமாக வரவில்லை. யுத்தச் செலவு முழுவதையும் கும்பினியார் நவாபின் பற்றில் எழுதினார்கள். அதற்கு ஈடாக 1763-ல் செங்கற்பட்டுச் சீமை ஜாகீராகப் போயிற்று. மற்றப் பாக்கிக்கு நவாப் எங்கே போவார்? கும்பினியின் உத்தியோகஸ்தர்களிடமே தனித்தனியாகக் கடன் வாங்கினார். அதாவது, எஜமானனுக்குக் கட்டவேண்டிய பணத்தை அவனுடைய குமாஸ்தாக்களிடம் வட்டிக்கு வாங்கிக் கட்டினார்.

அந்த வட்டியையும் கொஞ்சம் பார்ப்போம். ஆரம்பத்தில் நூற்றுக்கு 30, 36 என்று இருந்தது. நூற்றுக்கு 36 என்றால், மூன்று வருஷத்திற்குள் வட்டியே முதலை விழுங்கிவிடும். பிறகு 25, 20 என்று இறங்கி, 1767-ல் கடன்களையெல்லாம் ஒன்றாகத் திரட்டியபோது 10 ஆயிற்று. ஈடாக எழுதிக்கொடுக்கப்பட்டவை நகைகளல்ல. ஜில்லாக்களின் நிலவரி வருமானம். இன்ன சீமையின் அடுத்த மகசூல் இன்ன துரைக்கு என்று பத்திரங்கள் பிறந்தன. வட்டிக்காரரின் பாக்கியை நினைத்துக்கொண்டு வரி தண்ட வந்த அதிகாரிக்குக் குடியானவனின் முகம் எப்படித் தெரியும்?

தனி மனிதன் கடன் பட்டால் அவன் வீடு போகும். அரசன் கடன் பட்டால் அண்டை வீட்டுக்கும் ஆபத்து. பாக்கியைத் தீர்க்கப் புதிய வருமானம் வேண்டும்; புதிய வருமானத்துக்குப் புதிய சீமை வேண்டும். 1772-ல் நவாபின் படையும் கும்பினிப் படையும் சிவகங்கையின்மேல் பாய்ந்தன. காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் மாண்டார். ராணி வேலு நாச்சியார் விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்து, 1780-ல்தான் தம் சீமையை மீட்டார். 1773-ல் தஞ்சாவூர் பறிபோயிற்று. காவேரி பாயும் அந்த நெற்களஞ்சியத்தின் விளைச்சல் மீதும் கடன்காரர்களுக்குப் பத்திரம் எழுதப்பட்டது.

கவர்னரையே சிறைப்பிடித்த கடன்

தஞ்சாவூரை அதன் ராஜாவுக்கே திருப்பிக் கொடுக்கும்படி லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. அதை நிறைவேற்றக் கவர்னர் பிகட் பிரபு 1776-ல் முனைந்தார். உடனே பால் பென்பீல்டு என்னும் உத்தியோகஸ்தர் முன்வந்து, தஞ்சாவூர் வருமானத்தின்மேல் நவாப் எழுதிக்கொடுத்தது 1,62,000 பவுன், அவ்வூர்க் குடிகளுக்குத் தாம் கடன் கொடுத்தது 72,000 பவுன், ஆக 2,34,000 பவுன் தமக்கு வரவேண்டும் என்றார். வருஷத்திற்குச் சில நூறு பவுன் சம்பளம் வாங்கிய மனிதர் அவர்! பிகட் அதை ஒப்பவில்லை. அவருடைய ஆலோசனைச் சபை அங்கத்தினர்களில் பெரும்பாலோர் கடன்காரர் பக்கம் சாய்ந்தார்கள். அவ்வருஷம் ஆகஸ்டு மாதம் கவர்னரையே கைது செய்தார்கள். 1777 மே மாதம் அவர் காவலிலேயே இறந்தார்.

கடன் இங்கிலாந்துக்கும் கப்பலேறிற்று. நவாபின் ஏஜெண்டாக அங்கே சென்ற ஜான் மக்பெர்ஸன், பிற்பாடு கும்பினி உத்தியோகத்தில் உயர்ந்து, 1785-ல் தற்காலிகக் கவர்னர்-ஜெனரலாகவே அமர்ந்தார். கடன்காரர்கள் பார்லிமெண்டில் இடம் பிடித்தார்கள். நவாபின் கடன்களைச் சரிவர விசாரிக்காமலேயே, கர்நாடக வருமானத்திலிருந்து தீர்க்க வேண்டுமென்று பிட் மந்திரி சபை 1784-ல் முடிவு செய்தது. 1785 பிப்ரவரி 28-ந் தேதி எட்மண்டு பர்க் எழுந்து, இந்தக் கடன்களின் யோக்கியதையை அம்பலப்படுத்தினார். மாபெரும் பிரசங்கம், ஆனால் தீர்மானம் தோற்றது.

பர்க் சொன்னது எவ்வளவு உண்மை என்பது பின்னால் தெரிந்தது. நவாபுகளின் பேரால் வந்த மற்றக் கடன் தாவாக்களைச் சோதிக்க 1805-ல் விசாரணையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்கள் முன் வந்த தாவாக்கள் மொத்தம் 3 கோடி பவுனுக்கு மேல். பல வருஷ விசாரணைக்குப் பிறகு நியாயமென்று ஒப்புக்கொள்ளப்பட்டது 27 லட்சம் பவுன்கூட இல்லை. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஆதாரமற்றது! விசாரணையின்றி முன்பு ஒப்புக்கொள்ளப்பட்ட கடன்களில் எத்தனை பங்கு உண்மை என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தந்தையும் மகனும்

1780-ல் ஹைதர் அலி செங்கம் கணவாய் வழியாக இறங்கியபோது நாடு பாழாயிற்று. மறு வருஷம் தம் வருமானம் முழுவதையும் நவாப் கும்பினியாரிடம் ஒப்படைத்து, தம் செலவுக்கு ஆறில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டார். 1785-ல் அது திரும்பி வந்தாலும், கடன்காரர்களும் கூடவே வந்தார்கள். 1792-ல் பாளையக்காரர்களிடம் கப்பம் தண்டும் அதிகாரமும் கும்பினியார் கைக்குப் போயிற்று. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது இதற்கு ஏழு வருஷங்களுக்குப் பின். 1795 அக்டோபரில் முகம்மது அலி காலமானார். அவருடைய உடல் முன்பு அவருக்குப் புகலிடம் தந்த திருச்சிராப்பள்ளியிலேயே அடக்கமாயிற்று.

அவர் மகன் உம்தத்துல் உமரா ஆறு வருஷமே நவாபாக இருந்தார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும், திப்புவின் அரண்மனைக் கடிதங்களிலிருந்து, நவாபுகள் திப்புவுடன் ரகசியத் தொடர்பு வைத்திருந்தார்கள் என்று வெல்லெஸ்லி குற்றம் சாட்டினார். அந்தக் கடிதங்கள் சதியை நிரூபிப்பதாக ஆங்கிலச் சரித்திர ஆசிரியரான ஜேம்ஸ் மில்லே ஒப்பவில்லை. ஆனால் சாக்கு அகப்பட்டுவிட்டது. 1801 ஜூலை 15-ந் தேதி நவாப் இறந்தார். அதற்கு முன்பே கும்பினிச் சிப்பாய்கள் சேப்பாக்கம் அரண்மனையைச் சூழ்ந்துவிட்டார்கள். அவருக்கு அடுத்து வரவேண்டியவரான அலி ஹுசேன், ராஜ்யத்தை எழுதிக்கொடுக்க மாட்டேன் என்று மறுத்தார். ஆகவே அவரை விலக்கிவிட்டு, சம்மதித்த உறவினரான அஜீமுத் தௌலாவைக் கொண்டு ஜூலை 31-ந் தேதி உடன்படிக்கை முடித்தார்கள். நாடு முழுவதும் கும்பினிக்கு. நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு நவாபுக்கு.

அப்போது சென்னைக் கவர்னர் யார் தெரியுமா? எட்வர்டு கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். தந்தை 1751-ல் முகம்மது அலிக்காக ஆற்காட்டைக் காத்தார். சரியாக ஐம்பது வருஷம் கழித்து மகன் வந்து முதலையும் வட்டியையும் சேர்த்து வசூலித்துக்கொண்டார். அலி ஹுசேன் மறு வருஷமே இறந்தார். இவ்வமிசத்தில் கையெழுத்துப் போட மறுத்த அந்த இளைஞரின் பெயரில் சென்னையில் பிரபலமான சாலை எதுவும் இல்லை.

பெயரும் போயிற்று

அதற்குப் பின் இருந்தது பெயர்தான். கடைசி நவாப் குலாம் முகம்மது கௌஸ் கான் கைக்குழந்தையாக 1825-ல் பட்டத்துக்கு வந்தார். பாரசீகத்தில் கவி எழுதினார்; கவிஞர்களைக் கூட்டிச் சபை நடத்தினார்; பள்ளிக்கூடம் நிறுவினார். ராஜ்யமில்லாத ராஜாவுக்கு ஏற்ற கௌரவமான காரியங்களே அவை. 1855 அக்டோபர் 7-ந் தேதி சந்ததியின்றிக் காலமானார். 1801 உடன்படிக்கை அஜீமுத் தௌலா ஒருவரோடு செய்ததே தவிர, அவர் பரம்பரையோடு செய்ததன்று என்று டல்ஹௌஸி காலத்துத் துரைத்தனத்தார் வாதித்தார்கள். நவாப் பட்டமே ஒழிந்தது. அரண்மனை ஏலத்துக்கு வந்தது, சர்க்காரே எடுத்துக்கொண்டார்கள். கௌஸ் கானின் சிற்றப்பனார் அஜீம் ஜா பல வருஷம் மனுப்போட்டு மன்றாடிய பின், 1867-ல் ஆற்காட்டு இளவரசர் என்ற பட்டமும் உபகாரச் சம்பளமும் கிடைத்தன. 1876-ல் குடும்பம் ராயப்பேட்டை அமீர் மகாலில் குடியேறிற்று. சுதந்திர பாரதம் 1971-ல் மன்னர் மானியங்களை ஒழித்தபோது, இந்தப் பட்டம் அந்த வகையில் சேராததால் தப்பியது.

முகம்மது அலியைக் கோழை என்றோ ஏமாளி என்றோ சொல்லிவிடுவது எளிது. அது நியாயமன்று. கும்பினியாருடன் நாற்பத்தாறு வருஷம் சமாளித்தவர் அவர். கடன்காரர்களைக் கையில் வைத்திருந்தால் தம்மைக் கவிழ்க்க அவர்களே விடமாட்டார்கள் என்றும் கணக்கிட்டிருக்கலாம். அந்தக் கணக்கு அவர் உயிரோடிருந்தவரையில் பலித்தது. அவருக்குப் பிறகு பலிக்கவில்லை.

ஆனால் மற்றொரு கணக்கு இருக்கிறது. வராகன் வராகனாக வட்டி கட்டியவன் நவாப் அல்ல. செங்கற்பட்டிலும் நெல்லூரிலும் திருநெல்வேலியிலும் ஏர் பிடித்தவனும் தறியில் உட்கார்ந்தவனுமே கட்டினார்கள். அவர்கள் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடவில்லை. எந்த முத்து மாலையையும் அணியவில்லை. தன் செலவைத் தானே கணக்குப் பார்க்காத ராஜ்யம் எவ்வளவு பெரிய பட்டம் சூட்டிக்கொண்டாலும் தன்னைத் தானே ஆளவில்லை என்பதை அவர்களுடைய உழைப்பின் விலையில் நம் நாடு கற்றுக்கொண்டது. வாலாஜா யார் என்று குழந்தை கேட்டால், அரண்மனையைக் காட்டுவதோடு நிறுத்தாமல், அதன் வட்டியைக் கட்டியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுவோமாக.