லாரிஸ்டன் மாளிகையும் திருவரங்கத் தீவும்

தென்னூரிலிருந்து திருவரங்கம் செல்லும் நம்மவருக்குக் காவிரிப் பாலத்தின்மீது ஸ்காட்லாந்து நாடு நினைவுக்கு வரக் காரணமில்லை. ஆயினும் 1752-ஆம் ஆண்டு அத்தீவில் பிரெஞ்சுப் படையுடன் சிக்கிக்கொண்ட தளபதியின் குலம், எடின்பரோ நகரருகே கடலை நோக்கி நிற்கும் லாரிஸ்டன் என்னும் கோட்டை மாளிகைக்கு உரியது.

அம்மாளிகையின் பழைய கோபுரப் பகுதியை 1590-ஆம் ஆண்டளவில் எழுப்பியவர் ஆர்ச்சிபால்டு நேப்பியர். நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் மடக்கைக் கணக்கைக் கண்டறிந்த ஜான் நேப்பியரின் தந்தை இவர். 1683-இல் வில்லியம் லா என்னும் பொற்கொல்லர் அதனை விலைக்கு வாங்கினார்; அதில் நெடுநாள் வாழ அவர் கொடுத்துவைக்கவில்லை.

அவர் மகன் ஜான் லா கணக்கில் புலி, சூதாட்டத்திலும் அப்படியே. 1694-இல் இலண்டனில் வாட்சண்டையில் ஒருவரைக் கொன்று, மரண தண்டனை பெற்று, சிறையினின்று தப்பியோடினார். 1716-இல் பாரீசில் வங்கி நிறுவிக் காகிதப் பணம் வெளியிட்டார். 1719-இல் புதுச்சேரியை உடைமையாகக் கொண்டிருந்த பிரெஞ்சு இந்தியக் கம்பெனியையும் தம் கம்பெனியோடு இணைத்துக்கொண்டார். அரசின் நிதிப் பொறுப்பை ஏற்கக் கத்தோலிக்கராயிருத்தல் வேண்டுமென்பதால் திருச்சபையில் சேர்ந்தார். அது மனமாற்றமா, பதவிக்காக எடுத்த மாற்றமா என்பதை இறைவன் ஒருவரே அறிவார். 1720-இல் யாவும் சரிந்தது. எத்தனையோ குடும்பங்கள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக் கண்ணீர் வடித்தன. 1729-இல் வெனிசு நகரில் இறந்த அவருடைய கல்லறை அந்நகரின் சான் மொய்சே ஆலயத்தில் உள்ளது.

பெரியப்பா வீழ்ந்தபின்னும், அவர் உருவாக்கிய கம்பெனியிலேயே அவருடைய தம்பி மக்கள் இருவர் இந்தியாவுக்கு வந்தனர். இளையவரான ஜாக் லாவே திருவரங்கத்துத் தளபதி.

சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிக் கோட்டைக்குள் முகமது அலியை முற்றுகையிட்டிருந்தனர். லாரன்சும் கிளைவும் உதவிக்கு வந்ததும், ஆளுநர் தூப்ளேயின் விருப்பத்திற்கு மாறாக, லா ஆற்றைக் கடந்து தீவுக்குள் ஒதுங்கினார். பிரெஞ்சுப் படை சம்புகேசுவரர் கோயிலில் இறங்கியது. சந்தா சாகிபின் ஆட்கள் அரங்கநாதர் கோயிலில் இறங்கினர். மதில் உயரமாயிருக்கிறது என்பதற்காக வழிபாட்டிடத்தைப் படைவீடாக்கியது எவ்வகையிலும் தகாத செயலே. நம் ஆலயத்திற்கு அப்படி நேர்ந்தால் நாம் பொறுப்போமா? வடக்கே சமயபுரத்தைக் கிளைவ் பிடித்துக்கொள்ள, உணவு வரும் வழி அடைபட்டது. உயிர்ப்பிச்சை நாடித் தஞ்சைத் தளபதியிடம் சென்ற சந்தா சாகிபின் தலை கொய்யப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் ஏறத்தாழ 800 ஐரோப்பியருடன் லா சரணடைந்தார். மலைக்கோட்டைத் தெப்பக்குளத்தருகே கிளைவ் பெயரால் வழங்கும் இல்லத்தைக் காண்போர், தோற்றவரின் பெயரைக் கேட்பதில்லை.

அண்ணன் ழான் லாவுக்கு வேறு வகைப் பணி வாய்த்தது. 1761-இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய புதுச்சேரியை 1765-இல் ஏற்று மீண்டும் எழுப்பியவர் அவரே. 1768-இல் அங்கே பிறந்த அவர் மகன், நெப்போலியனிடம் பணியாற்றிப் பின்னாளில் பிரான்சு நாட்டு மார்ஷல் ஆனார். லாரிஸ்டன் பிரபு என்பதே அவரது பட்டம்.

1823 வரை மாளிகை லா குடும்பத்தாரிடமே இருந்தது. பின்னர்ப் பல கைகள் மாறியது. இறுதி உரிமையாளரான ரீட் குடும்பத்தார், உள்ளிருக்கும் பொருள்களை மாற்றலாகாது என்ற நிபந்தனையுடன் அதனை நாட்டுக்கு விட்டுச்சென்றனர். 1926 முதல் எடின்பரோ நகராட்சி, நாற்காலியும் கடிகாரமும் இருந்த இடத்திலேயே இருக்க, அதனைக் காத்து வருகிறது.